கை மாற்று அறுவை சிகிச்சை: பெயர் கொடுப்பது முதல் சொந்தக் கையால் சோறு பிசையும் நாள் வரை

வடசென்னையில் விரலோ கையோ போன ஒருவரைத் தெரியாத தெரு இருக்காது. வியாசர்பாடிப் பக்கம் பவர் பிரஸ்ஸில் நசுங்கிய விரல்கள், காசிமேட்டில் வின்ச் கயிறு சுற்றி இழுத்த மணிக்கட்டு, மொட்டை மாடியில் கம்பி தூக்கும்போது உயர் அழுத்த மின்கம்பி பட்டு இரண்டு கையும் கருகிப்போனது. நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள், தொழில் பிசியோதெரபி. கடைசியாகச் சொன்னேனே, இரண்டு கையும் போனவர்கள், அவர்கள் வீட்டார்தான் என்னிடம் அதிகம் கேட்பார்கள்: "அக்கா, கை மாத்தி வைக்கிறாங்களாமே, நம்ம ஸ்டான்லியிலேயே பண்ணாங்களாமே, நமக்கும் பண்ணுவாங்களா?"

பண்ணினார்கள், உண்மைதான். 2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், மின்சாரம் தாக்கி இரண்டு கைகளையும் இழந்த திண்டுக்கல் மாவட்டக் கட்டடத் தொழிலாளி ஒருவருக்கு இரண்டு கைகளும் பொருத்தப்பட்டன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அதுதான் முதல் முறை. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தில் வளர்ந்ததால் நம் பாட்டிமார்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொன்ன அதே ஆஸ்பத்திரி. டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே வளர்த்தெடுத்த கை சிகிச்சைப் பிரிவு பல ஆண்டுகளாக நம் பக்கத்து ஆலைத் தொழிலாளிகளின் கைகளைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அந்த அனுபவத்தின் மேல்தான் இந்த ஆபரேஷனும் நின்றது.

ஆனால் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் பேசுவது ஆபரேஷனைப் பற்றி அல்ல, மாத்திரையைப் பற்றி.

பெயர் கொடுப்பதற்கு முன்

சிறுநீரகம் பழுதானவருக்கு மாற்றுச் சிறுநீரகம் என்பது உயிர்ப் பிரச்சினை. கை அப்படியல்ல. கை இல்லாமலும் மனிதர் நாற்பது வருடம் வாழலாம். அடுத்தவர் கையை நம் உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நம் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைக்க வேண்டும், அதுவும் கை இருக்கும் காலம் முழுவதும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு, காசநோய் மாதிரியான தொற்றுகள், நாளடைவில் சில வகைப் புற்றுநோய் என்று அந்த மருந்துக்கு ஒரு விலை உண்டு. நல்லாயிருக்கும் உடம்பை இந்த ஆபத்துக்குள் கொண்டுபோகிறோம் என்பதைக் குடும்பம் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும்.

அதனால் ஒரு கை மட்டும் போனவர்களுக்கு என் கருத்து: பெரும்பாலானவர்களுக்கு நல்ல செயற்கைக் கையும் பயிற்சியும் போதும். டாக்டர்களும் பொதுவாக இரண்டு கையும் இல்லாதவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். குளிக்க, சாப்பிட, கால் கழுவ என எல்லாவற்றுக்கும் மனைவியோ அம்மாவோ வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி விழுகிறது. அவர்களும் முதலில் செயற்கைக் கையை ஒழுங்காகப் போட்டுப் பழகிப் பார்த்திருக்க வேண்டும்.

மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த சிகிச்சையின் வரலாறே சாட்சி. 1998 செப்டம்பரில் பிரான்சின் லியோன் நகரில் ஒருவருக்குக் கை பொருத்தினார்கள். இன்றைய மருந்துகளோடு நடந்த முதல் கை மாற்று அதுதான். அவர் நாளடைவில் மருந்தையும் பயிற்சியையும் விட்டுவிட்டார், 2001-இல் அந்தக் கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. 1999 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் கை பெற்றவரோ இருபது ஆண்டுகளைத் தாண்டியும் அந்தக் கையோடு வாழ்ந்தார். வீட்டில் பேசும்போது இந்த இருவரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இடையில் ஒரு அவசரச் செய்தி

கை துண்டான அந்த நிமிடத்தில் சரியாக நடந்துகொண்டால் மாற்றுக் கையே தேவைப்படாமல் போகலாம், சொந்தக் கையையே ஒட்டிவிடலாம். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து உயர்த்தி வையுங்கள். துண்டான பாகத்தில் மண் இருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல் வையுங்கள். காசிமேட்டில் ஐசுக்குப் பஞ்சமில்லை என்பதால் நல்லெண்ணத்தில் நேராக ஐசுக்குள் புதைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சதை உறைந்து கெட்டுப்போகும், ஒட்டவே முடியாது. தசை அதிகமுள்ள பாகம் குளிரில் வைக்கப்படாமல் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எங்கே கூட்டிப்போகிறீர்களோ அங்கே முன்கூட்டியே போன் செய்து, கை ஒட்டும் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பரிசோதனைகள்

பெயர் கொடுக்க வேண்டிய இடம், கை மாற்றுக்கு அனுமதி பெற்ற மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது கை சிகிச்சைப் பிரிவு. அவர்கள் தகுதி பார்த்து, தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, விபத்து நடந்தபோது எடுத்த சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள்.

அந்தப் பழைய டிஸ்சார்ஜ் தாளை அலட்சியமாக நினைக்காதீர்கள். தீக்காயத்துக்கு நிறைய ரத்தம் ஏற்றியிருந்தாலோ, அடுத்தவர் தோலை வைத்து மூடியிருந்தாலோ, உடம்பில் அந்நியத் திசுவுக்கு எதிரான பொருட்கள் ஏற்கெனவே உருவாகியிருக்கலாம். பொருந்துகிற கை கிடைப்பது அதனால் கடினமாகலாம். எத்தனை பாட்டில் ரத்தம் ஏறியது என்பது அந்தத் தாளில்தான் இருக்கும்.

ரத்தப் பிரிவு, திசுப் பொருத்தம், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைகள், மார்பு எக்ஸ்ரே, காசநோய், சிறுநீரகம், இதயம், மீதமிருக்கும் கையின் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் என்று சோதனைகள் நீளும். சொத்தைப் பல்லையும் கை போன முனையில் இருக்கும் படர்தாமரையையும் இப்போதே சரிசெய்யுங்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தபின் அவை சின்ன விஷயமாக இருக்காது. தடுப்பூசிகளும் இப்போதே. அம்மை மாதிரி உயிருள்ள கிருமியை வைத்துச் செய்யும் தடுப்பூசிகளைப் பிற்பாடு போட முடியாது.

மனநல மருத்துவர் பேசுவார். "எனக்கென்ன பைத்தியமா" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்னொருவர் கையைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டு வாழ்வது, கல்லீரலை உள்ளே வைத்துக்கொண்டு வாழ்வது மாதிரி இல்லை. குடிப்பழக்கம், புகை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புகை நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும், தைத்த குழாய் அடைத்துக்கொள்ளும்.

காத்திருக்கும் காலம்

உங்கள் போனுக்கு எப்போது அழைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வருவது இன்னொரு வீட்டின் மிக மோசமான நாளில். மூளைச்சாவு அடைந்தவரை 4 மருத்துவர்கள் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ள நடைமுறை. அதன் பிறகும், சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் சம்மதிக்கும் குடும்பம் கைக்குத் தயங்குகிறது. தயக்கம் நியாயமானது. முகத்துக்கு அடுத்து நாம் ஒருவரை நினைவு வைப்பது கையால்தானே. கை எடுத்த இடத்தில் செயற்கைக் கை பொருத்தி, உடலை முழுமையாகத்தான் ஒப்படைப்பார்கள் என்பதை நம் தெருவில் நாலு பேருக்காவது சொல்லுங்கள். 2023 செப்டம்பரில் அறிவித்தபடி, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு தமிழ்நாட்டில் அரசு மரியாதையோடு நடக்கிறது.

கையின் அளவு, தோல் நிறம், ஆணா பெண்ணா என்பதையும் பார்த்துப் பொருத்துவார்கள். இது மாறவே கூடாத விதியல்ல. 2015 ஜனவரியில் இந்தியாவின் முதல் கை மாற்றைச் செய்த கொச்சி அம்ரிதா மருத்துவமனையில், 2017-இல் ஒரு கல்லூரி மாணவிக்கு இளைஞர் ஒருவரின் கைகளைப் பொருத்தினார்கள். காலப்போக்கில் அந்தக் கைகளின் நிறம் அவருடைய நிறத்தோடு ஒத்துப்போனது.

காத்திருக்கும்போது தோள், முழங்கை, மிச்சமிருக்கும் முன்கைத் தசை எல்லாவற்றுக்கும் தினமும் பயிற்சி கொடுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று கீழே சொல்கிறேன்.

அந்த இரவு

தானமாக வந்த கையைக் குளிர்ந்த பாதுகாப்புத் திரவம் செலுத்தி, ஐஸில் வைத்துக் கொண்டுவருவார்கள். ஒரு குழு அந்தக் கையையும் இன்னொரு குழு உங்கள் கையையும் ஒரே நேரத்தில் தயார் செய்யும். எலும்பைத் தகடு, ஸ்குரூ வைத்து இணைப்பது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரத்தக் குழாய்களைத் தைப்பது, தசைநாண்கள், நரம்புகள், கடைசியில் தோல். இரண்டு கை என்றால் 12 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணம். வெளியே காத்திருப்பவர்கள் முறை போட்டுத் தூங்குங்கள். அடுத்த ஒரு வருடத்துக்கு உங்கள் உடம்பும் தேவை.

மாத்திரை

ஆபரேஷன் அறையிலேயே வலுவான மருந்து தொடங்கிவிடும். வீட்டுக்கு வரும்போது பொதுவாக மூன்று இருக்கும்: டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கூடவே தொற்று வராமலிருக்கச் சில மாதங்களுக்கு வேறு மாத்திரைகள்.

டாக்ரோலிமஸ்தான் இதில் கண்டிப்பானது. சாதாரண வகையை 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போட வேண்டும், காலை 8 என்றால் இரவு 8. அலாரம் இரண்டு போனில் இருக்கட்டும், ஒன்று நோயாளியிடம், ஒன்று வீட்டில் இன்னொருவரிடம். சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று டாக்டர் சொன்னது எதுவோ, தினமும் அப்படியே.

லெவல் டெஸ்டுக்குப் போகும் காலையில் பலரும் செய்யும் தப்பு: வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்புவது. அடுத்த வேளை போடுவதற்குச் சற்று முன் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் இந்தச் சோதனை பார்க்கிறது. மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், ரத்தம் கொடுத்ததும் போடுங்கள்.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடாதீர்கள், மருத்துவக் குழுவுக்குப் போன் செய்யுங்கள். வாந்தி, பேதி என்றாலும் உடனே சொல்லுங்கள். பேதியானால் மருந்து வெளியே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் ஏறிவிடுவதும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு மாற்றுச் சிறுநீரக நோயாளிக்கு ஒரு மருந்துக்கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். லெவல் சரிந்தது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. பெட்டியின் படத்தைப் போனில் வைத்திருங்கள், கம்பெனி மாறினால் டாக்டருக்குத் தெரியாமல் போடாதீர்கள்.

அப்புறம், தானாக வாங்கிப் போடும் மருந்துகள். உடம்பு வலிக்குப் போடும் டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் இரண்டும் டாக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில பூஞ்சை மருந்துகளும், கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்கும் லெவலை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிபாம்பிசின் மோசமாக இறக்கிவிடும். காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்கில் ஊசி போடும் முன் "மாற்றுக் கை, டாக்ரோலிமஸ்" என்ற சீட்டைக் காட்டுங்கள். நாட்டு மருந்தும் லேகியமும் வேண்டாம். பம்ளிமாஸ் பழமும் வேண்டாம், அதுவும் லெவலை ஏற்றும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் குறைந்தது இரண்டு வார மாத்திரையைக் கையிருப்பில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று நமக்குத் தெரியும். மாத்திரையை வாட்டர் புரூப் டப்பாவில், பரணில். வெள்ளத் தண்ணீரில் அந்தக் கையை வைக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை போட்டோ

உடம்பு அந்தக் கையை எதிர்க்கத் தொடங்கினால் அது முதலில் தோலில் தெரியும். இது ஒரு வரம். சிறுநீரகத்தில் நிராகரிப்பு நடந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டும், இங்கே கண்ணே போதும். சிவப்புப் புள்ளிகள், திட்டுகள், தடிப்பு, வீக்கம், தோல் உரிதல், நகத்தில் மாற்றம். பல சமயம் வலியே இருக்காது, நரம்பு இன்னும் வளரவில்லையே. அதனால் வலிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

வாரம் ஒரு முறை, ஒரே ஜன்னல் ஓரத்தில், ஒரே நேரத்தில், உள்ளங்கையும் புறங்கையும் போட்டோ எடுத்து வையுங்கள். கொசுக்கடியா நிராகரிப்பா என்ற குழப்பம் நம் ஊரில் அடிக்கடி வரும். சந்தேகம் இருந்தால் அன்றே அனுப்புங்கள். சின்னத் துண்டு தோலை எடுத்து பயாப்சி செய்து உறுதிப்படுத்துவார்கள். முதல் வருடத்தில் ஒரு முறையாவது இப்படி வருவது பெரும்பாலானவர்களுக்கு நடக்கிறது, வந்தால் கை போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஸ்டீராய்டு மருந்து, மேலே பூசும் களிம்பு, லெவலைச் சரிசெய்வது ஆகியவற்றால் பெரும்பாலும் அடங்கிவிடும், சீக்கிரம் பிடித்தால்.

பயிற்சி

என் வேலை இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை போயிருந்தால், விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் உங்கள் சொந்த முன்கையிலேயே மிச்சம் இருக்கும். புதுக் கையின் தசைநாண்களை அவற்றோடுதான் தைக்கிறார்கள். அதனால் முரட்டுப் பிடி சில மாதங்களிலேயே வந்துவிடும். காத்திருக்கும்போது முன்கைக்குப் பயிற்சி கொடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். ஆனால் பட்டன் போட, சாவி திருப்ப, கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டத் தேவையான சின்னத் தசைகள் உள்ளங்கைக்குள் இருக்கின்றன. அவை புதுக் கையோடு வந்தவை. உங்கள் நரம்பு அங்கே வளர்ந்து போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். தைத்த இடத்திலிருந்து விரல் நுனி 25 சென்டிமீட்டர் என்றால் எட்டு மாதத்துக்குக் குறையாது. சின்னத் தசைகள் எழுந்து வர ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். முழங்கைக்கு மேலே என்றால் இன்னும் நீளம், இன்னும் தாமதம்.

முதல் சில நாட்களிலேயே பயிற்சி தொடங்கும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்து வீக்கம் குறைப்பது, கையை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்டைக் கழற்றாமல் இருப்பது, தெரபிஸ்ட் சொன்ன அளவு மட்டும் விரலை அசைப்பது. தைத்த தசைநாண் ஆறாத வாரங்களில் ஆர்வக்கோளாறில் முறுக்கி இழுத்தால் பிய்ந்துவிடும். அசைக்காமலே விட்டால் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோவதுதான் தெரபிஸ்டின் வேலை, யூடியூப் பார்த்துச் செய்ய முடியாது. முதல் வருடத்தில் நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் பயிற்சிக்கே போகும். அதனால் கூட இருப்பவரின் சம்பளமும் போகும். இதை முன்பே கணக்குப் போடுங்கள்.

நரம்பு வளருகிறதா என்று பார்க்க முன்கையிலிருந்து கீழே விரலால் தட்டிக்கொண்டே வருவோம். ஓர் இடத்தில் ஷாக் அடித்த மாதிரி 'சுர்' என்று இருக்கும். மாதாமாதம் அந்த இடம் கீழே இறங்கினால் நல்ல செய்தி. பேனாவால் தேதியோடு குறித்து அதையும் போட்டோ எடுத்து வையுங்கள், சோர்ந்துபோகும் நாளில் எடுத்துப் பார்க்கலாம்.

உணர்ச்சி வரத் தொடங்கியதும் மூளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மூன்று கிண்ணத்தில் அரிசி, உளுந்து, மிளகு. முதலில் பார்த்துக்கொண்டே தொடுங்கள், பிறகு கண்ணை மூடிச் சொல்லுங்கள். பிடிப்பதற்குக் கேரம் காயின்தான் நான் கொடுப்பது. நம் பக்கத்தில் கேரம் போர்டு இல்லாத மன்றம் இல்லை, காயின் எளிதாகக் கிடைக்கும், தொட்டால் ஆசையும் வரும். ஸ்ட்ரைக்கர் பிறகு. பாக்சிங் கிளவுஸைத் தொடவே வேண்டாம். கை நடுங்கினால் பயிற்சி போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், டாக்ரோலிமஸாலும் நடுங்கும், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில்

சூடு தெரியாத கை நம் ஊர் வெயிலில் ஆபத்து. மே மாத மதியத்தில் கை பம்ப்பின் இரும்புப் பிடி, பைக் சைலன்சர், பஸ்ஸின் ஜன்னல் கம்பி, டீ டம்ளர். எதையும் முதலில் உணர்ச்சியுள்ள மேல்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள். வெளியே போனால் முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன். இந்த மருந்துகளோடு வெயில் தோல் புற்றுநோய்க்கு வழி செய்யும்.

குடிதண்ணீர் கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து ஆற்றியது. தள்ளுவண்டியில் வெட்டி வைத்த பழம், பானி பூரி, நேற்றைய பழைய சோறு முதல் வருடம் வேண்டாம். மீன் நன்றாக வெந்தால் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் மீன் ஆய்வதும் நண்டு உடைப்பதும் அந்தக் கையால் கூடாது. முள் குத்தினால் தெரியாது, கடல் கிருமிகள் மெதுவாகப் புண்ணாக்கும். ஸ்டீராய்டு ரத்தக் கொதிப்பை ஏற்றும், கருவாட்டைக் குறையுங்கள்.

புறாக்கூண்டு. இதைச் சொல்லும்போது பல தம்பிகளின் முகம் வாடிவிடும். புறா எச்சத்தில் இருக்கும் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். வளர்ப்பை நண்பரிடம் ஒப்படைத்துவிடுங்கள், கூண்டு சுத்தம் செய்யும் பக்கமே போகாதீர்கள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள்.

100 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல், விரல் நீலமாவது, கை திடீரென்று ஜில்லென்று போவது: இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். ராத்திரி 2 மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பார்க்க வருபவர்கள் கையைப் பிடித்துப் பார்ப்பார்கள். "யார் கை இது, எந்த ஊரு, எந்த ஆளுங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கொடுத்த குடும்பத்தின் பெயரை வெளியே சொல்லாமலிருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. நோயாளியே சில நாள் அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்காமல் துணியால் மூடிக்கொள்வார். வற்புறுத்தாதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எண்ணெய் தடவி விடச் சொன்ன பிறகு, அந்த வேலையை மனைவியோ பிள்ளையோ செய்யட்டும். தெரபிஸ்ட் தொடுவதும் வீட்டுப் பிள்ளை தொடுவதும் ஒன்றல்ல.

முதன்முதலில் தன் கையால் சாப்பிடும் நாளில் சோறு நன்றாக ஆறியிருக்க வேண்டும், வேறொருவர் தொட்டுப் பார்த்த பிறகே தட்டை வையுங்கள். குழைந்த பருப்புச் சோறுதான் எளிது, சாம்பார் விரலிடுக்கில் ஒழுகும். பாதி கீழே சிந்தும். எடுத்து ஊட்டிவிட யாரும் கையை நீட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.